“பிள்ளைக்கு ரத்தம் போகுதா?” - படம் பிடித்துச் சொல்லும் டாப்ளர் ஸ்கேன்!

கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வரும். மாலை போடுவார்கள். பூ தூவுவார்கள்.

ஆனால் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட மாட்டார். தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று மடையில் போய்ப் பார்த்தால்தான் அவருக்கு உயிர் வரும்.

தாய் வயிற்றில் வளரும் பிள்ளையும் ஒரு கடைமடைதான்!

தாய் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். கீரை, முட்டை, பேரீச்சம்பழம் எல்லாம் தின்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையையும் மறக்காமல் போடுகிறாள். எல்லாம் ரத்தத்தில் கலந்து கர்ப்பப்பை வரை வந்துவிடுகிறது.

பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஒரு காலத்தில் இதைப் பார்க்க வழியே கிடையாது. பிள்ளை பிறந்து தராசில் போட்ட பிறகுதான் “எடை பத்தலை” என்பது தெரியும். சில வீடுகளில் அதுகூடக் கிடையாது. “நேத்து வரைக்கும் துடிச்சுதே, இன்னிக்கு அசைவே இல்லையே” என்று அழுதுகொண்டு வருவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்து போயிருக்கும்.

இப்போது வழி இருக்கிறது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அதே ஸ்கேன் எந்திரத்தில் “டாப்ளர்” என்று ஒரு வசதி உண்டு. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எங்கே தடை என்று அது காட்டிக் கொடுத்துவிடும். கத்தி இல்லை. ஊசி இல்லை. வலி இல்லை!

அரைக் கிலோ அதிசயம்

நஞ்சுக்கொடி என்றாலே பிரசவம் முடிந்ததும் குழி தோண்டிப் புதைக்கிற சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பத்து மாதமும் பிள்ளையைக் காப்பாற்றுவது அதுதான்.

பார்க்க ஒரு டிபன் தட்டு மாதிரி இருக்கும். எடை சுமார் அரைக் கிலோ. அதில் இருந்து சுமார் 50 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொப்புள்கொடி கிளம்பிப் பிள்ளையின் வயிற்றில் போய்ச் சேரும். அந்தக் கொடிக்குள் 3 குழாய்கள். ஒரு குழாய் நல்ல ரத்தத்தைப் பிள்ளைக்குக் கொண்டு போகிறது. இரண்டு குழாய்கள் பிள்ளையின் கழிவு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வருகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதே இல்லை. தாயின் ரத்தம் ஒரு குளம் மாதிரித் தேங்கி நிற்கும். நஞ்சுக்கொடியின் நுண்ணிய கிளைகள் அதில் நாற்று வேர் மாதிரி மூழ்கி நிற்கும். காற்றும் சத்தும் அந்த வேர்களின் சுவர் வழியாக உள்ளே போகும். கழிவு வெளியே வரும்.

அந்த வேர்களை எல்லாம் பிரித்து விரித்துப் போட்டால் சுமார் 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஒரு சின்ன அறையின் தரை அளவு!

பிள்ளைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் மூன்று வேலையையும் செய்வது இந்த அரைக் கிலோதான்.

வாய்க்கால் வெட்டும் வேலை

கர்ப்பம் இல்லாத காலத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் மிகக் கொஞ்சம். நிறைமாதத்தில் அது நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறது.

இவ்வளவு ரத்தம் சின்னக் குழாயில் எப்படிப் போகும்?

கர்ப்பப்பைச் சுவரின் கடைசியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருள் சுருளாக, மெல்லியதாக இருக்கும். கர்ப்பம் தரித்த உடனே நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் அந்தக் குழாய்களுக்குள் நுழைகின்றன. சுருங்கி விரியும் தசைப் பகுதியைக் கரைத்து, வாயை அகலமாக்கிவிடுகின்றன. ஏறக்குறைய ஐந்தாம் மாதத்துக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாருகிறோமே, அதே கதைதான்!

வாய் அகலமானால் இன்னொரு லாபமும் உண்டு. ரத்தம் பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக வரும். நட்ட வயலில் மடையைத் திறந்து வேகமாகத் தண்ணீர் விட்டால் நாற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும் அல்லவா? அது போல, ரத்தம் பாய்ந்து வந்தால் நஞ்சுக்கொடியின் மெல்லிய வேர்கள் சேதம் ஆகும்.

1967-ம் ஆண்டு பிராசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் என்ற 3 டாக்டர்கள் இந்த மாற்றத்தை விளக்கமாக எழுதினார்கள். சில கர்ப்பிணிகளுக்கு இந்த “வாய்க்கால் வெட்டு” பாதியிலேயே நின்று போகிறது என்பதும் பிறகு தெரிய வந்தது.

தூர்ந்து போனால்?

அங்கேதான் வினை ஆரம்பம்.

குழாய்கள் குறுகலாகவே இருந்தால் பிள்ளைக்குச் சத்து போய்ச் சேராது. தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் பிள்ளை மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் சின்னதாகவே இருக்கும். “நல்லாத்தானே சாப்பிடுறா, பிள்ளை ஏன் தேறலை?” என்று மாமியார் மருமகளைக் கோபித்துப் பயன் இல்லை. குற்றம் சாப்பாட்டில் இல்லை. குழாயில்!

தாய்க்கும் ஆபத்து உண்டு. ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரதம் போகும். முகம், கை, கால் வீங்கும். தலைவலி மண்டையைப் பிளக்கும். கண் மங்கும். முற்றினால் வலிப்பு வந்துவிடும். தாயும் பிள்ளையும் இரண்டு உயிரும் ஊசலாடும்.

“முழுகாம இருக்கிற பொண்ணுக்குக் கால் வீங்குறது சகஜம்தானே” என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். பல பேருக்கு அது சகஜம்தான். ஆனால் ரத்த அழுத்தம் பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.

பாய்லர் கம்பெனியில் பிறந்தது!

இந்த ஸ்கேன் பிறந்த கதை சுவையானது.

அது ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். கப்பல் கட்டும் ஊர். அங்கே இயான் டொனால்டு என்ற பிரசவ டாக்டர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் வேலை பார்த்தவர். இரும்புத் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறலை ஒலி அலை அனுப்பிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டார்.

“இரும்புக்குள்ளே பார்க்கலாம் என்றால் வயிற்றுக்குள்ளே பார்க்க முடியாதா?” என்று யோசனை பிறந்தது.

1955-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் வைத்து ஒரு பாய்லர் கம்பெனிக்கே கொண்டு போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு துண்டு மாட்டு இறைச்சியும் தயாராக இருந்தது. கம்பெனிக்காரர்கள் எந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் அலையைத் திருப்பி அனுப்பின!

டாம் பிரவுன் என்ற என்ஜினீயரும், மெக்விகார் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தார்கள். 1958-ம் ஆண்டு ஜூன் மாதம் “லான்செட்” என்ற மருத்துவப் பத்திரிகையில் மூன்று பேரும் கட்டுரை எழுதினார்கள். கர்ப்பிணி ஸ்கேனுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. திருச்சி திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை ஒலி அலை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ரெயில் தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே முறைதான். கடலுக்குப் போகும் விசைப்படகில் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் “எக்கோ சவுண்டர்” கருவியும் இதற்கு அண்ணன் தம்பிதான்.

ஒலியை அனுப்புவது, எதிரொலியைக் கேட்பது. அவ்வளவுதான்!

ரெயில் ஊதலில் ரகசியம்

சாதாரண ஸ்கேனில் உருவம் தெரியும். ஓட்டம் தெரியாது. ஓட்டத்தைக் காட்டுவதுதான் டாப்ளர்.

ரெயில்வே கேட்டில் நிற்கிறீர்கள். ரெயில் ஊதிக்கொண்டே வருகிறது. நெருங்கும்போது ஊதல் கீச்சென்று ஏறிக் கேட்கும். தாண்டிப் போனதும் சத்தம் இறங்கிக் கட்டையாகிவிடும். ஊதலை மாற்றியது டிரைவர் அல்ல. ரெயிலின் ஓட்டம்!

இந்தத் தத்துவத்தை 1842-ல் சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி. அது சரிதானா என்று சோதிக்க 1845-ல் ஹாலந்து நாட்டில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ரெயிலில் ஏற்றி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சரியாகவே இருந்தது.

ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் ஓடுகின்றன. அவையும் ஓடும் ரெயில் மாதிரிதான். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி அவற்றின் மேல் பட்டுத் திரும்பும்போது மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறியது என்று பார்த்து எந்திரம் கணக்குப் போட்டுவிடுகிறது.

இந்த ஒலி மனுஷர் காதுக்குக் கேட்காது. வினாடிக்கு 20 ஆயிரம் துடிப்புக்கு மேல் போனால் நம் காது செவிடு. ஸ்கேனில் போவதோ வினாடிக்குப் பல லட்சம் துடிப்பு!

1977-ம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகர டாக்டர்கள் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை இந்த முறையில் பதிவு செய்தார்கள். 1983-ல் லண்டனில் ஸ்டூவர்ட் கேம்பெல் என்ற டாக்டரின் குழு, தாயின் கர்ப்பப்பைப் பக்கத்து ரத்தக் குழாய்களை இதில் பார்த்துச் சொன்னது.

சிவப்பும் நீலமும்

டி.வி. பெட்டியில் சிவப்பும் நீலமும் மாறி மாறித் தெரிவதைப் பார்த்து, “சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்” என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

கருவியை நோக்கி வரும் ரத்தத்துக்கு ஒரு நிறம். விலகிப் போகும் ரத்தத்துக்கு இன்னொரு நிறம். டாக்டருக்கு வழி தெரிவதற்காக எந்திரம் பூசுகிற சாயம் அது.

நிறத்தை விட முக்கியம், கீழே ஓடும் அலைக்கோடு. பிள்ளையின் இதயம் ஒரு தடவை துடித்தால் கோடு மேலே ஏறும். அடுத்த துடிப்பு வரும் வரை இறங்கும். நல்ல கர்ப்பத்தில் இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

நஞ்சுக்கொடிக்குள் தடை கூடினால் நடுவில் ஓட்டம் குறையும். இது முதல் எச்சரிக்கை.

தடை இன்னும் கூடினால் நடுவில் ஓட்டமே நின்றுவிடும். இது இரண்டாவது எச்சரிக்கை.

அதற்கும் மேலே போனால் ரத்தம் வந்த வழியே திரும்பும்! மடை அடைத்துக்கொண்டால் வாய்க்கால் தண்ணீர் எதிர்த்து ஏறுவது மாதிரி. இது கடைசி மணி. இனிமேல் ஒவ்வொரு நாளும் கணக்கு.

அந்த நேரத்திலும் பிள்ளை சும்மா இருப்பதில்லை. கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தில் மூளைக்கு முதல் பங்கு கொடுத்துவிட்டு மற்ற உறுப்புகளுக்குக் குறைத்துக்கொள்கிறது. டாக்டர்கள் பிள்ளையின் மூளை ரத்தக் குழாயையும் டாப்ளரில் பார்ப்பது இதற்காகத்தான்.

எடுப்பதா, விடுவதா?

“ரத்த ஓட்டம் குறைவு” என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பல வீடுகளில் அழுகை ஆரம்பம் ஆகிவிடுகிறது. “இன்னிக்கே வயித்தைக் கிழிச்சுடுவாங்களா?” என்று கேட்கிறார்கள்.

அப்படி இல்லை. ஓட்டம் கொஞ்சம் குறைவு என்றால் பெரும்பாலும் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபம். நுரையீரல் முதிர வேண்டும்.

ஆனால் ஓட்டம் நின்றாலோ, திரும்பினாலோ வெளியே எடுப்பதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ற கட்டம் வந்துவிடும். எத்தனை வாரம் ஆகியிருக்கிறது, பிள்ளை எவ்வளவு எடை, தாயின் அழுத்தம் எப்படி என்று எல்லாவற்றையும் பார்த்து டாக்டர்கள் நாள் குறிப்பார்கள்.

குறைமாதத்தில் எடுக்க வேண்டி வந்தால் அதற்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர இது உதவும். இந்த ஊசியின் பலனை நியூசிலாந்து நாட்டு டாக்டர்கள் 1972-ல் நிரூபித்தார்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் கொடுப்பதுதான் டாப்ளரின் பெரிய உதவி.

எல்லோருக்கும் வேண்டுமா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்து 2017-ல் ஒரு கணக்கு வெளியானது. ஆபத்துள்ள கர்ப்பிணிகளுக்குத் தொப்புள்கொடி டாப்ளர் பார்த்தபோது, சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை நூற்றுக்கு 1.7-ல் இருந்து 1.2 ஆகக் குறைந்தது. அதாவது சுமார் 200 பேருக்கு டாப்ளர் பார்த்தால் ஒரு பிள்ளை பிழைக்கிறது.

ஆனால் எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் பார்ப்பதால் தனியாக லாபம் இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. ஆகவே “பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள், எனக்கும் எடுங்கள்” என்று கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியது இல்லை.

யாருக்குக் கட்டாயம் தேவை?

ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். முந்தைய பிரசவத்தில் அழுத்தம் ஏறியவர்கள். முன்பு எடை குறைந்த பிள்ளை பெற்றவர்கள், பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவர்கள். இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள். மாதத்துக்கு ஏற்ற வயிறு இல்லாதவர்கள். பிள்ளையின் அசைவு குறைந்தவர்கள்.

நம் நாட்டில் சின்னதாக வளரும் பிள்ளைகளில் பலவற்றை யாருமே கண்டுபிடிப்பது இல்லை என்பது ரேடியாலஜி டாக்டர்களின் கவலை. அதனால்தான் இந்திய ரேடியாலஜி டாக்டர்கள் சங்கம் 2019-ல் “சம்ரக்ஷன்” என்ற திட்டத்தைத் தொடங்கி, கர்ப்பிணிகளுக்கு டாப்ளர் பார்க்கும் முறையைப் பல மாநிலங்களுக்குக் கொண்டு போனது.

16 வாரத்துக்குள்!

டாப்ளரில் இன்னொரு பெரிய வேலையும் உண்டு. வியாதி வருவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை கொடுப்பது!

11 வாரத்தில் இருந்து 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே கர்ப்பப்பையின் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களைப் பார்க்கலாம். அதோடு ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, பழைய பிரசவ விவரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் யாருக்குப் பின்னால் அழுத்தம் ஏறும் என்று ஓரளவு கணிக்கலாம்.

கணித்து என்ன பயன்?

ஆஸ்பிரின்! தலைவலிக்குப் போடும் அதே பழைய மருந்துதான், சிறிய அளவில்.

2017-ம் ஆண்டு ஐரோப்பாவில் ஒரு சோதனை முடிவு வெளியானது. ஆபத்துள்ளவர்கள் என்று கணித்த 1,776 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். மறுபாதிக்கு வெறும் மாத்திரை. குறைமாதத்திலேயே அழுத்த நோய் முற்றியவர்கள், வெறும் மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 4.3 பேர். ஆஸ்பிரின் போட்டவர்களில் 1.6 பேர்தான்!

ஆனால் ஒரு நிபந்தனை. 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வாய்க்கால் வெட்டு முடிந்த பிறகு மருந்து கொடுத்து என்ன செய்ய?

யாருக்கு, எவ்வளவு என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டிக்கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்வது ஆபத்து.

நம் ஊரில் தடங்கல் எங்கே என்றால், வழக்கத்தில்தான். “மூணு மாசம் தாண்டாம வெளியே சொல்லாதே” என்று பெண்ணை வீட்டோடு வைத்துவிடுகிறார்கள். நடவு நேரமாக இருந்தால் கூலி போகுமே என்று அவளும் வாய் திறப்பது இல்லை. நடவு முடிந்து, களை எடுப்பும் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஐந்தாவது மாதம் நடக்கிறது. அந்த 16 வாரம் போயே போய்விட்டது!

கிராம சுகாதார நர்சு வீடு வீடாக வந்து “12 வாரத்துக்குள்ளே பேரைப் பதிஞ்சுடு” என்று சொல்வது உதவித்தொகைக்காக மட்டும் அல்ல. ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்சு காதில் போட்டால் போதும்.

தழும்பின் மேல் ஒட்டும் நஞ்சு

இன்னொரு ஆபத்தையும் கலர் டாப்ளர் காட்டும்.

தமிழ்நாட்டில் சிசேரியன் அதிகம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு சுமார் 45 பிரசவம் ஆபரேஷன்தான். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு சுமார் 64.

ஆபரேஷன் செய்த கர்ப்பப்பையில் தழும்பு இருக்கும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டிக்கொண்டால் வம்பு. சிலருக்கு அது தழும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே வேர்விட்டுவிடும். பிள்ளை பிறந்த பிறகு நஞ்சு பிரியாது. பிரிக்கப் போனால் ரத்தம் ஆறாக ஓடும். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

கலர் டாப்ளரில் அந்த இடத்தில் தாறுமாறாக ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பது தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் ரத்தம் ஏற்பாடு செய்து, மயக்க டாக்டர், ஆபரேஷன் டாக்டர் எல்லோரும் தயாராக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேரலாம். தெரியாமல் சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம் பார்க்கப் போனால் உயிருக்கே ஆபத்து.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால், அடுத்த கர்ப்பத்தில் ஸ்கேன் எடுக்கும்போது அதை வாய் விட்டுச் சொல்லுங்கள். “நஞ்சு எங்கே இருக்குது?” என்று கேளுங்கள்.

“மாலை சுத்தின பிள்ளை”

கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. ஸ்கேனில் கொடி சுற்றியிருப்பது தெரிந்ததும் தாய்மாமன் முகம் வாடிவிடும்.

பயப்பட ஒன்றும் இல்லை. நாலைந்து பிள்ளைகளில் ஒன்று கொடி சுற்றித்தான் பிறக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. மாமனுக்கும் இல்லை! கொடி சுற்றியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் தேவை இல்லை.

ஆணா, பெண்ணா - கேட்காதே!

ஸ்கேன் அறைக்குள் போனதும் சிலர் மெல்லக் காதைக் கடிக்கிறார்கள். “சும்மா சொல்லுங்க டாக்டர், என்ன பிள்ளை?”

சொன்னால் ஜெயில்! 1994-ல் கொண்டு வந்த சட்டப்படி, வயிற்றில் உள்ள பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். சொல்லும் டாக்டருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும் ரூ.10 ஆயிரம் வரை அபராதமும் உண்டு. கேட்டுப் போகிறவர்களுக்கும் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் வரை அபராதம். ஒவ்வொரு எந்திரத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

கையெழுத்துக் கேட்கிறார்களே என்று பயப்படாதீர்கள். அது பெண் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற கையெழுத்து.

கெடுதலா?

“ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்குக் கதிர் பட்டுடுமே” என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இது எக்ஸ்ரே அல்ல. வெறும் ஒலி. கதிர்வீச்சு கிடையாது.

ஆனாலும் டாப்ளர் முறையில் ஒலியின் சக்தி கொஞ்சம் அதிகம். அதனால் முதல் மூன்று மாதத்தில் பிள்ளையின் மேல் தேவை இல்லாமல் டாப்ளர் வைக்கமாட்டார்கள். மற்ற நேரத்திலும் தேவையான அளவுக்கு, தேவையான நேரம் மட்டுமே பார்ப்பார்கள்.

எங்கே போவது?

கட்டில், மேஜை, எந்திரம் எல்லாம் இருந்தாலும் பார்க்கத் தெரிந்த டாக்டர் இருந்தால்தான் டாப்ளர். அலைக்கோட்டைத் தப்பாக எடுத்தால் கணக்கும் தப்பாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமான ஸ்கேன் எடுத்து, சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்த சீட்டைப் பீரோவில் வைத்துவிடக் கூடாது!

தஞ்சையில் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிதான் பல தலைமுறைக்கும் பிரசவ ஆஸ்பத்திரி. டெல்டாவில் இருந்து சிக்கலான கேஸ்கள் அங்கே வந்து சேருகின்றன. திருவாரூரில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாகையில் 2022-ல் வந்தது. கடைமடை ஊர்க்காரர்களுக்கு இப்போது பாதித் தூரம் மிச்சம். வலிப்பு, ரத்தப்போக்கு என்றால் 108-க்குப் போன் செய்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறந்தால் 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் பார்த்தால் அது 97. நாம் பரவாயில்லைதான். ஆனால் அந்த 54-ல் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால், அந்த வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு!

இதை மறக்காதீங்க

7-ம் மாதத்துக்கு மேல் பிள்ளையின் அசைவைத் தாயே கவனிக்க வேண்டும். வழக்கத்தை விடக் குறைந்தால் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை, ராகுகாலம் எதுவும் பார்க்க வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் வீக்கம் - இதில் ஒன்று வந்தாலும் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

போன மாதம் எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தது என்று இந்த மாதம் அலட்சியம் செய்யக்கூடாது. டாப்ளர் காட்டுவது அன்றைய ஓட்டத்தை மட்டும்தான்.

எந்திரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. டாக்டரும் இருக்கிறார். காலத்தோடு கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியது வீட்டுக்காரர்களின் பொறுப்பு!